நம் தண்ணீருக்கு எந்த மீன்?
(குடியிருப்போர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பாத்ரூம் குழாயில் படியும் வெள்ளை உப்பைத் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்தவர்கள்தான் இங்கே பாதிப் பேர். தொட்டி வைத்தால் மீனும் அதே போர் தண்ணீரில்தான் இருக்க வேண்டும். வாங்கும்போது நான் இதை யோசிக்கவில்லை.

பேத்தியின் பிறந்தநாளுக்குப் பத்து நியான் டெட்ரா வாங்கினேன். பையைத் திறந்து அப்படியே தொட்டியில் கொட்டினேன், அது என் தப்பு. ஒரு வாரத்தில் எட்டு போய்விட்டன. அவள் எழுவதற்கு முன் வலையோடு போய் நிற்பதே காலை வேலையாகிவிட்டது. பிறகுதான் கடினத்தன்மை பார்க்கும் சொட்டு மருந்து வாங்கிச் சோதித்தேன். லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் காட்டியது. நியான் டெட்ரா அமேசான் பக்கத்து ஓடை மீன். அந்தத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. டிஸ்கஸும் அப்படித்தான். அழகில் மயங்கி வாங்காதீர்கள்.

நமக்கு ஏற்றவை கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் மீன். இவற்றுக்குக் கடின நீர்தான் பிடிக்கும். பெரிய தொட்டி இருந்தால் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி சிக்லிட் வைக்கலாம். ஆனால் அவை சண்டைக்காரர்கள், கப்பியோடு சேர்க்க வேண்டாம்.

"ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினால் போச்சு" என்பார்கள். அதில் தாது உப்பே அநேகமாக இருக்காது. அதை மட்டும் ஊற்றினால் மோலி வாடிவிடும். சாஃப்ட்னர் தண்ணீரும் வேண்டாம். அது சுண்ணாம்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கிறது. ஆர்.ஓ. மெக்கானிக் கொண்டுவரும் டி.டி.எஸ். பேனா மொத்த உப்பைத்தான் காட்டும், கடினத்தன்மையைத் தனியாகக் காட்டாது.

கோடையில் நம் சம்ப்பில் லாரித் தண்ணீர் கலக்கிறது. ஒரே நாளில் தண்ணீரின் குணம் மாறிவிடும். அதனால் எப்போதும் கால் பங்கு மட்டும் மாற்றுங்கள். குளோரின் வாடை இருந்தால் வாளியில் திறந்து ஒரு நாள் வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

இன்னொன்று. கப்பி மாதம் ஒருமுறை குட்டி போடும். அதிகமாகிவிட்டது என்று ஏரியிலோ கோயில் குளத்திலோ விடாதீர்கள், அங்குள்ள நாட்டு மீன்களுக்குத்தான் கெடுதல். நம் வாட்ஸ்அப் குழுவில் சொன்னால் யாராவது வாங்கிக்கொள்வார்கள். எங்கள் வீட்டு மோலிக் குட்டிகளைப் பேத்தி இதுவரை இருபத்திரண்டு வரை எண்ணியிருக்கிறாள்.

சொட்டு மருந்து என்னிடம் இன்னும் பாதி பாட்டில் இருக்கிறது. மீன் வாங்கப் போகும் முன் உங்கள் குழாயிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக்கொண்டு வாருங்கள், பார்த்துச் சொல்கிறேன்.