இடைசெவல் ஈன்ற இருவர்



1923 செப்டம்பர் மாதம். ஒரே வார இடைவெளியில் கரிசல் சிற்றூரான இடைசெவலில், பின்னாளில் எழுத்தாளர்களான இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். சம்சாரி வீட்டில் கி. ராஜநாராயணன்; நகை செய்யும் ஆசாரி வீட்டில் கு. அழகிரிசாமி. சேர்ந்தே வளர்ந்தார்கள். சேர்ந்தே சங்கீதப் பித்துப் பிடித்து அலைந்தார்கள். கையில் கிடைத்த புத்தகத்தையெல்லாம் படித்துத் தீர்த்தார்கள்.

பிழைப்பு அவர்களைப் பிரித்தது. பத்திரிகை வேலைக்காக அழகிரிசாமி சென்னைக்குப் போனார். 1952இல் கப்பலேறி மலேயாவில் ‘தமிழ் நேசன்’ ஏட்டுக்குப் போனார். ராஜநாராயணன் ஊரோடும் காட்டோடும் இருந்தார். அந்தத் தூரத்தைக் கடிதங்கள்தான் கடந்தன. அழகிரிசாமி எழுதியதை ராஜநாராயணன் பத்திரமாக வைத்திருந்தார். அதனால்தான் அவை இன்று புத்தகமாக நம் கையில் இருக்கின்றன.

1970 ஜூலை 5 அன்று அழகிரிசாமி மறைந்தார். நாற்பத்தாறு வயது! எழுத வேண்டியது எவ்வளவோ மிச்சம் இருந்த வயது. அந்த ஆண்டுதான் ‘அன்பளிப்பு’ தொகுதிக்குச் சாகித்திய அகாதெமி விருது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

அதே வயதில் நின்றுகொண்டிருந்த ராஜநாராயணன் என்ன செய்தார்? இழந்த நண்பனை எழுத்தில் மீட்டார். அழகிரிசாமி எப்படிப் பேசுவார், எப்படி ரசிப்பார் என்பதையெல்லாம் நினைவுக் கட்டுரைகளாக எழுதி வைத்தார். கரிசல் சொற்களைத் திரட்டி அகராதி செய்தாரே, அதே அக்கறை இதிலும் இருந்தது. ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்காக 1991இல் அவருக்கும் அகாதெமி விருது வந்தது. ஒரு சிற்றூர், இரண்டு விருது! இடைசெவல்காரர்கள் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்ளலாம்.

2021 மே 17 அன்று புதுச்சேரியில் ராஜநாராயணனின் மூச்சு அடங்கியது. உடல் சொந்த ஊருக்கு வந்தது. அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது. கொரோனா ஊரடங்கு மட்டும் இல்லாதிருந்தால் கரிசல் காடே திரண்டிருக்கும். அழகிரிசாமி போய் ஐம்பது ஆண்டு கழித்து, சேக்காளிகள் இருவரையும் சேர்த்து நினைக்கும் ஊரானது இடைசெவல்.

நண்பனின் கடிதங்களை ராஜநாராயணன் காத்ததுபோல நீங்களும் காக்க, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பரணில் கிடக்கும் தகரப் பெட்டியை இந்த வாரமே இறக்குங்கள். தாத்தாவுக்கு அவருடைய கூட்டாளி எழுதிய கடிதம், ஓரம் கிழிந்த அட்டை, எது கிடந்தாலும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தேதி பார்த்து அடுக்குங்கள். எழுதியவர் யார் என்று சொல்லத் தெரிந்த பெரியவர் வீட்டில் இருக்கும்போதே கேட்டுக் குறித்து வையுங்கள்.