இடுக்கணழியாமையும் கிறிஸ்தவ விசுவாசமும்

(மாதனூரில் நடைபெற்ற சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அன்றாட வாழ்வில் விடாமுயற்சியையும் தைரியத்தையும் விசுவாசம் எங்ஙனம் அளிக்கும் என்பதுபற்றிப் பேசுமாறு காரியதரிசியவர்கள் பணித்தனர். தமிழாசிரியத் தொழில் எம்மை விடாதாகலின் திருக்குறளிலிருந்தே தொடங்குகின்றோம். வள்ளுவர் ஆள்வினையுடைமை என்னும் 62-ஆம் அதிகாரத்தை அடுத்து இடுக்கணழியாமையை வைத்தார். முயல்வானுக்கே இடையூறு நேரும். ஆகவே முயற்சியைக் கூறியவர், அது தடைப்பட்டவழி மனங்கலங்காமையையும் உடன் கூறவேண்டியவராயினார்.

கொரிந்தியர்க்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் பவுல் அப்போஸ்தலர் தம் செய்தியையே கூறுகின்றார். தம் மாம்சத்திலிருந்த முள் நீங்குமாறு மும்முறை வேண்டினார், முள் நீங்கவில்லை. முள்ளோடு நடப்பதற்கு வேண்டும் கிருபையே கிடைத்தது. நம்மவருட் பலர் இப்பகுதியை வாசித்திருந்தும், நோய் நீங்கினாற்றான் ஜெபம் கேட்கப்பட்டது என்று எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் தவறென்பதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை, வேலூரிலேயே உள்ளது.

1925-ல் கொச்சி நாட்டிற் பிறந்த மேரி வர்கீஸ் அம்மையார் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிற் பயின்று மருத்துவரானார். மகளிர் மருத்துவத்திற் சிறப்புப் பயிற்சி பெற எண்ணியிருந்தார். 1954-ல் அவர் சென்ற வண்டி விபத்துக்குள்ளாயிற்று. முகத்தில் வடு உண்டாயிற்று. இடுப்பின்கீழ் உணர்வும் இயக்கமும் அற்றுப்போயின. கால்கள் மீளவேயில்லை.

கைகள் இருந்தன. அக்காலத்தில் டாக்டர் பால் பிராண்ட் அவர்கள் வேலூரிலே தொழுநோயாளரின் மடங்கிய விரல்களுக்கு அறுவை செய்துவந்தார்கள். அந்நோய் நரம்பைக் கெடுப்பதனாற் சில தசைகள் செயலிழக்க, விரல்கள் மடங்கிப்போம். நலமாயுள்ள தசையொன்றின் நாணை எடுத்து, செயலிழந்ததன் வேலையைச் செய்யுமாறு இணைப்பது அவர் கையாண்ட முறை. இதனை உட்கார்ந்தே செய்யலாம் என்று அவர் ஊக்கினார். அம்மையார் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே கற்றார். பலர் கைகளை நிமிர்த்தினார்.

ஈண்டு ஒன்று ஊன்றிக் கருதத்தக்கது. இடுப்பின்கீழ் உணர்வற்றார் நெடுநேரம் அசையாதிருப்பின் உடல் அழுந்திய இடம் புண்ணாகும். வலி தெரியாமையால் அப்புண் ஆழ்ந்து உயிர்க்கே ஊறு செய்யும். ஆதலின் அவர்கள் நாள்தோறும் பன்முறை கைகளை ஊன்றி உடலைத் தூக்கவேண்டும். அதனைக் காண்பாரும் இல்லை, புகழ்வாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் அதற்கு ஓய்வில்லை. தைரியம் என்றவுடன் உலகத்தார் போர்க்களத்தை நினைப்பர். எமக்கு இதுவே நினைவிற்கு வருகின்றது.

பின்னர் அம்மையார் ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறைக்குத் தலைவரானார். 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பெற்றது. 1972-ல் பத்மஸ்ரீ விருது பெற்று, 1986-ல் மறைந்தார்.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். தோல் பதனிடும் சாலையிற் கை நசுங்கியவரும், மரத்தினின்று விழுந்து இடுப்பொடிந்தவரும் நம் குடும்பங்களிலும் உண்டு. அவர்களைப் பின்கட்டிற் கிடத்தி, விருந்தினர் வந்தாற் கதவைச் சாத்துகின்றோம். கேட்டால் விதி என்பர் சிலர். தேவசித்தம் என்பர் சிலர். பிந்திய சொல்லை இதற்கு வழங்குதல் தேவதூஷணமே என்பது எம் கருத்து. யாரேனும் மனம் நொந்தால் பொறுத்தருள்க. பேதுரு யோப்பா பட்டணத்திலே தோல் பதனிடும் சீமோனுடைய வீட்டிற் பலநாள் தங்கினார் என்று அப்போஸ்தலர் நடபடிகளிற் காண்கின்றோம். ஊரார் இழிவென்று கருதிய தொழிலுடையான் வீட்டினுள் அப்போஸ்தலர் நுழைந்தார். நம் வீட்டுப் பின்கட்டினுள் நாமே நுழைவதில்லை.

பாகாயம் செல்லப் பேருந்து உண்டு. அத்தகையோர் உள்ள வீட்டார் கூட்டம் முடிந்தபின் எம்மிடம் தனியே கூறலாம், பெயரை வெளியிடோம். முதன்முறை செல்லும்போது துணைக்கு வருவதற்கு யாமும் காரியதரிசியவர்களும் உடன்பட்டிருக்கின்றோம்.