தனித்து நின்றவரும் கூட்டிச் சேர்த்தவரும்



அதிகாரத்தை எதிர்த்து நின்றவர் யார் என்று நம் பிள்ளைகளிடம் கேட்டால் முதலில் கட்டபொம்மன் பெயர் வரும். இலக்கியம் படித்தவர்கள் கண்ணகி என்பார்கள். திண்டுக்கல்லிலேயே கேட்டால்கூட விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால் நாயக்கர் பெயர் சட்டென்று வருவதில்லை. விருப்பாட்சியில் அரசு அவருக்கு மணிமண்டபம் கட்டியிருக்கிறது. ஆண்டுதோறும் மாலை போடுகிறோம். ஆனாலும் அவர் நம் மனத்தில் குடியேறவில்லை. ஏன் என்ற கேள்விக்கு எனக்குத் தோன்றும் பதிலைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். தனியாக நின்று மடிந்தவரை நம் பாட்டும் கதையும் அணைத்துக்கொள்கின்றன. பலரைக் கூட்டிச் சேர்த்தவரை எப்படிப் பாடுவது என்று அவற்றுக்குத் தெரியவில்லை.

முதலில் இந்தத் திண்டுக்கல்லின் நிலையைப் பார்ப்போம். மலைக்கோட்டை மதுரை நாயக்கர்கள் கட்டியது. 1755-இல் ஹைதர் அலி மைசூரின் பௌஜ்தாராக இங்கே வந்து பீரங்கிப் படையைப் பலப்படுத்தினார். 1790-இல் கோட்டை கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்குப் போனது. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் திண்டுக்கல் சீமையை முறைப்படி விட்டுக்கொடுத்தார். தமிழகத்தில் கும்பினியின் நேரடிக் கலெக்டர் ஆட்சியை முதலில் அனுபவித்த பகுதிகளில் நம்முடையதும் ஒன்று. கலெக்டராக மெக்லியோட் வந்தார், பின்னால் ஹர்டிஸ் வந்தார்.

ஹர்டிஸ் காலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இங்கே கிளர்ச்சி வாளிலிருந்து தொடங்கவில்லை, கணக்கிலிருந்து தொடங்கியது. நிலத்தை அளந்தார்கள். தீர்வையைக் கூட்டினார்கள். மழை பொய்த்தாலும் கிஸ்தி தவணை தவறக் கூடாது. ஊர்க் காவலுக்காகக் குடிகளிடமிருந்து பாளையக்காரர்கள் பெற்றுவந்த வரும்படியிலும் கும்பினி கைவைத்தது. கட்டத் தவறிய பாளையங்கள் பறிபோயின. பாளையக்காரர்கள் எல்லாரும் குடிகளுக்கு நல்லவர்களாக இருந்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். பலர் கொடுமையாகவே வாங்கினார்கள். ஆனால் அவர்களிடம் முறையிடலாம், பஞ்சம் என்று சொல்லித் தவணை கேட்கலாம். சென்னையில் உட்கார்ந்திருந்த வருவாய் வாரியத்திடம் இந்தச் சீமைக் குடியானவன் எங்கே போய் முறையிடுவான்?

இந்த வழக்கு நமக்குப் பழையது. பாண்டியன் அறிவுடை நம்பியிடம் போய் வரியைப் பற்றி இடித்துச் சொன்னவர் பிசிராந்தையார். விளைந்ததை அறுத்து அளவாகக் கொடுத்தால் சிறு நிலமே யானைக்குப் பல நாள் உணவாகும். யானையே வயலில் புகுந்தால் தின்பதைவிட மிதிப்பதுதான் அதிகம் என்பது அவர் காட்டிய கணக்கு. கோவூர்கிழார் ஒருபடி மேலே போனார். மலையமானின் பிள்ளைகளை யானைக்காலில் இடத் துணிந்த கிள்ளிவளவனை நேருக்கு நேர் நின்று தடுத்தார். புறநானூற்றின் இந்தப் புலவர்களும் தனி மனிதர்கள்தாம் என்பதைக் கவனியுங்கள். ஒரு புலவர், ஓர் அரசன், ஓர் அவை. கண்ணகியும் அப்படியே. நம் இலக்கியத்தின் எதிர்ப்பு பெரும்பாலும் ஒற்றைக் குரலாகவே வந்திருக்கிறது.

கதைப்பாடல்களிலும் அதுதான் கதை. கும்பினியை எதிர்த்த கான்சாகிபு 1764-இல் மதுரையில் தூக்கிலேறினார். அவருக்கு ஒரு சண்டைப் பாடல் எழுந்தது. கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் மடிந்தார். அவருடைய கதையை ஊர் ஊராகப் பாடினார்கள். அந்தப் பாடல்களைத் தேடிப் பதிப்பித்த பேராசிரியர் நா. வானமாமலைக்கு நாம் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

இனி கோபால் நாயக்கருக்கு வருகிறேன். அவருடைய வரலாற்றில் முதலில் வருவது போர் அல்ல, அடைக்கலம். 1772-இல் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதத் தேவர் கொல்லப்பட்டபின், அவர் மனைவி வேலு நாச்சியாரும் மகள் வெள்ளச்சியும் வந்து சேர்ந்த இடம் விருப்பாட்சி. அந்த ஆண்டு டிசம்பர் 8-இல் பிரதானி தாண்டவராய பிள்ளை ஹைதர் அலிக்கு 5000 குதிரை வீரர்களும் 5000 காலாட்களும் கேட்டு மடல் எழுதினார். 1780-இல் நாச்சியார் சிவகங்கையை மீட்டார். இடைப்பட்ட எட்டு ஆண்டுகள் ஓர் அரசியையும் அவருடைய ஆட்களையும் ஆர்க்காட்டு நவாபுக்கும் கும்பினிக்கும் அஞ்சாமல் காப்பாற்றி வைத்திருந்தது இந்தச் சீமை. அந்த எட்டு ஆண்டுகளைப் பற்றி நம் எழுத்தாளர்கள் போதிய அளவு எழுதவில்லையே என்பது என் நெடுநாள் வருத்தம்.

திப்பு 1799 மே 4-இல் வீழ்ந்த பிறகு கும்பினிக்குத் தெற்கே நிகர் இல்லை. அப்போதுதான் கோபால் நாயக்கர் திண்டுக்கல் கூட்டணியை வலுப்படுத்தினார். மணப்பாறை லட்சுமி நாயக்கரும் தேவதானப்பட்டி பூஜை நாயக்கரும் உடன் நின்றார்கள். சிவகங்கை மருது சகோதரர்கள், மலபார் கேரள வர்மா, வடக்கே துந்தாஜி வாக் என்று தொடர்பு விரிந்தது. 1800 ஏப்ரலில் விருப்பாட்சியில் கூடிப் பேசினார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், மராட்டி, மலையாளம், தக்காண உருது என்று பல மொழி பேசியவர்கள்; பல சாதி, இரு சமயம். யார் யாருக்கு மொழிபெயர்த்தார்கள், எந்தப் பாதையில் ஓலை போனது என்று நினைத்துப் பார்க்கும்போது எனக்கு வாள்வீச்சை விட அந்த உழைப்புத்தான் பெரிதாகத் தெரிகிறது.

திட்டம் பலிக்கவில்லை. 1800 ஜூன் 3-இல் கோயம்புத்தூர்க் கோட்டையைத் தாக்கும் முயற்சி தோற்று, 42 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். செப்டம்பரில் துந்தாஜி வாக் வெல்லெஸ்லியிடம் வீழ்ந்தார். மறு ஆண்டு ஜூன் 16-இல் சின்ன மருதுவின் அறிக்கை திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒட்டப்பட்டது. 1801 செப்டம்பர் 5-இல் கோபால் நாயக்கர் தூக்கிலிடப்பட்டார். கோபாலசமுத்திரம் குளக்கரையில்தான் அது நடந்தது என்று ஊரார் சொல்லி வருகிறார்கள்.

ஆனால் அதோடு முடியவில்லை. மருது சகோதரர்களின் காளையார்கோவில் வீழ்ந்த பிறகு, கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையின் ஆட்கள் நாடி வந்தது விருப்பாட்சி மலைப்பக்கம்தான். அக்டோபரில் வத்தலக்குண்டில் மீண்டும் மோதினார்கள். கோபால் நாயக்கர் போன பிறகும் அவர் கட்டிய தொடர்பு சில வாரங்களாவது உயிரோடு இருந்தது. 1802-இல் 73 பேரைத் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்திய பிறகே கும்பினி நிம்மதியடைந்தது.

வத்தலக்குண்டு என்றதும் இரண்டு பெயர்களைச் சொல்லாமல் நகர முடியாது. சுப்பிரமணிய சிவா 1884-இல் அங்கே பிறந்தார், 1908-இல் வ.உ.சி.யோடு தண்டனை பெற்று, சிறையில் தொழுநோய் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். இன்னொருவர் அவ்வூரில் வளர்ந்த சி.சு. செல்லப்பா. சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்ற அவர், 1959-இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கி, யாப்பின் அதிகாரத்தையும் வணிக இதழ்களின் அதிகாரத்தையும் எதிர்த்தார். 119 இதழ்கள் கொண்டுவந்தார். ‘புதுக்குரல்கள்’ தொகுப்பில் 24 கவிஞர்களை ஒரே அட்டைக்குள் சேர்த்தார். அச்சடித்த புத்தகங்களைத் தாமே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக விற்கப் போனார். அவரை நல்ல படைப்பாளி என்று மட்டும் சொன்னால் போதாது. அவரும் கூட்டிச் சேர்த்தவர். அந்த வகையில் விருப்பாட்சிக்காரரின் வாரிசு என்றே நான் கருதுகிறேன்.

பேராசிரியர் கே. ராஜய்யன் ஆவணங்களை அலசி, 1800–1801 கிளர்ச்சியைப் பற்றி 1971-இல் ஆங்கிலத்தில் பெருநூல் எழுதினார். அதன்பின் நாம் பெரும்பாலும் அவரைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஹர்டிஸ் எழுதிய கடிதங்களும் வருவாய் வாரியக் கட்டுகளும் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பழனி மலையடிவாரத்து முதியவர்களிடம் இன்னும் சொல்வழக்குகள் இருக்கலாம்.

இந்த மேடையை அமைத்த அறக்கட்டளையாருக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். ஆண்டுக்கு ஒரு மாணவரை எழும்பூருக்கும் ஒருவரை விருப்பாட்சிக்கும் அனுப்பச் செலவுப் பணம் கொடுங்கள். அடுத்த ஆண்டு என்னைப் போன்ற முதியவரை அழைக்காமல், அந்த மாணவர்கள் படியெடுத்து வந்ததை இந்த மேடையில் வாசிக்கச் செய்யுங்கள்.