ரயிலில் வந்த இசை
(சங்க ஆண்டு விழா மேடையில் நிகழ்த்திய உரை)

 

சென்ற ஆண்டு விழாவில், இக்காலனிப் பிள்ளைகள் ஐவர் கிடாரும் டிரம்பெட்டும் கொண்டு ஒரு நிகழ்ச்சி நடத்த அனுமதி வேண்டினர். "இது தமிழ்ச் சங்கமா, நடன விடுதியா?" என்று சொல்லி மறுத்தவர்களுள் நாமும் இருந்தோம். உண்மையைக் கூறின், உரத்துச் சொன்னவர் நாமே. அப்பிள்ளைகளின் முகம் வாடியதைக் கண்டும் நம் மனம் இளகவில்லை. அதன் பின்னர் ஓர் இசைத்தட்டு நமது செவிக்கு எட்டியது. அதைப் பற்றியே இன்று பேசவந்தோம்.

முதலில் நம்மை ஈர்த்தது அதன் இசையன்று, பெயர். 'சிகாகோ டிரான்சிட் அதாரிட்டி' என்று அட்டையில் பொறித்திருந்தது. ரயில்வே எழுத்தராகிய நமக்கு இஃது ஏதோ போக்குவரத்துக் கழகத்தின் ஆண்டறிக்கை போலும் என்றே தோன்றிற்று. அந்த எண்ணம் முற்றிலும் தவறன்று. சிகாகோ நகரில் பேருந்துகளையும், இரும்புத் தூண்களின்மேல் வீதிக்கு மேலாக ஓடும் ரயில்களையும் 1947 முதல் நடத்திவரும் நிறுவனத்தின் பெயர் அது. அந்நகரத்து இளைஞர் எழுவர் அப்பெயரையே தம் குழுவுக்குச் சூட்டிக்கொண்டு, 1969 ஏப்ரலில் தம் முதல் இசைத்தட்டை வெளியிட்டனர். நிறுவனத்தார் வழக்குத் தொடுப்போம் என்று எச்சரிக்கவே, 1970-இல் வந்த இரண்டாம் தட்டிலிருந்து 'சிகாகோ' என்ற ஊர்ப்பெயர் மட்டும் எஞ்சியது. ஆயினும் முதல் தட்டு இன்றும் பழைய பெயரிலேயே விளங்குகிறது.

ராபர்ட் லாம், டெரி கேத், பீட்டர் செடேரா, டேனி செராபின், வால்டர் பாரசைடர், லீ லாக்னேன், ஜேம்ஸ் பேங்கோ என்போர் அவ்வெழுவர். இவர்களுள் முதல் மூவரும் பாடுவர். இன்னார்தாம் தலைவர் என்று சுட்ட இயலாது. முதல் தட்டையே இரட்டைத் தட்டாக வெளியிட வேண்டும் என்று பிடிவாதம் செய்து, அதன் பொருட்டுத் தமக்குரிய பங்கில் குறைவையும் ஏற்றுக்கொண்டனர். நியூயார்க்கில் 1969 ஜனவரியில் ஒலிப்பதிவு நடந்தது. எழுவரும் ஒருங்கே வாசித்துப் பதிவு செய்ய முயன்று, அது கைகூடாமல், பின்னரே தாளக் கருவிகளை முதலிலும், ஊதுகருவிகளை அடுத்தும், குரலை இறுதியிலுமாகப் பதியக் கற்றனராம். பதிவு நிலையத்துக்குப் புதியவர்கள் அன்றோ!

இனி, ஊதுகருவிகளைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற விழைகிறோம். டிரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன் ஆகிய மூன்றும் அமெரிக்கரின் பாட்டுகளில் முன்னரே உண்டு. மெம்பிஸ் நகரிலிருந்து வெளிவந்த 'சோல்' பாட்டுகளில், பாடகர் ஓர் அடியைப் பாடி மூச்சு வாங்கும் இடத்தில், இவை 'ஆம், ஆம்' என்பதுபோல் மறுமொழி கூறும். மறுமொழி எத்துணைச் சுவையாயினும் மறுமொழியே, பேசுகிறவர் பாடகர்தாம். இவ்வெழுவரின் தட்டில் நிலைமை வேறு. பேங்கோ என்பவர் மூன்று கருவிகளையும் சேர்த்து ஒரு தனிப் பாடகரைப்போல் எழுதினார். முதல் உருப்படியாகிய 'இன்ட்ரடக்‌ஷன்' என்பதைக் கேளுங்கள். கேத் தம் கரகரத்த குரலில் பாடி விலகுகிறார். தாளம் மாறுகிறது, மீண்டும் மாறுகிறது. டிராம்போன் தன் கதையைச் சொல்லி முடிக்கிறது. டிரம்பெட் சற்றே துயரத்தோடு தொடர்கிறது. அதன் பிறகே கிடாருக்கு முறை வருகிறது. ராக் இசையில் கிடார் தன் முறைக்காகக் காத்து நிற்பது அரிதினும் அரிது.

இந்தக் கலவை எங்கிருந்து வந்தது என்று தேடியபோதுதான் நமக்குத் துணுக்குற்றது. அதில் ஊறியிருக்கும் 'ப்ளூஸ்' சிகாகோவில் பிறந்ததன்று; ரயிலில் வந்தது! அமெரிக்காவின் தென்பகுதியில் பருத்திக் காடுகளில் உழைத்த கறுப்பின மக்கள், இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில், கொடுமைக்குத் தப்பியும் கூலி வேண்டியும் வடக்கே பெயர்ந்தனர். மிசிசிப்பி மாநிலத்தாருக்கு இல்லினாய் சென்ட்ரல் என்னும் ரயில் பாதையே வழி. அது சிகாகோவில் கொண்டுபோய் விட்டது. மடி வாட்டர்ஸ் என்னும் பெரும் பாடகர் 1943-இல் அவ்வாறு வந்து சேர்ந்தவரே. மதுக்கடைகளின் இரைச்சலில் பழைய கிடாரின் ஒலி எடுபடாமற் போகவே, மின்சாரக் கிடாரைக் கையில் எடுத்தார். ஊர்விட்டு வந்தவர் பாட்டு, வந்த ஊரின் இரைச்சலுக்கேற்ப உருமாறியது. நம் எழுவரோ வெள்ளையர். அந்த ரயிலில் வந்த குடும்பத்தினர் அல்லர். 'சவுத் கலிபோர்னியா பர்ப்பிள்ஸ்' என்ற பாட்டை அவர்கள் ப்ளூஸ் அமைப்பிலேயே இசைக்கும்போது, இக்கடனை மறவாமல் கேட்பதே முறை என்று நமக்குப் படுகிறது.

லாம் எழுதிய மற்றொரு பாட்டு, 'மணி என்னவென்று யாருக்கேனும் மெய்யாகவே தெரியுமா?' என்று கேட்கிறது. வழியில் ஒருவர் நேரம் கேட்க, பாடுகிறவர் அதைப் பற்றி யோசித்துக்கொண்டே நடக்கிறார். கால அட்டவணையால் சோறுண்ணும் நம்மிடத்தில் இதைக் கேட்கலாமா! ஆயினும் அந்த டிரம்பெட்டின் குதூகலத்தில் நாமும் கைக்கடிகாரத்தை மறந்தோம்.

குறையும் சொல்லிவிடுகிறோம். 'ஃப்ரீ ஃபார்ம் கிடார்' என்று ஏறத்தாழ ஏழு நிமிடம் கேத் தனியே கிடாரைக் கதறவிடுகிறார். இருமுறை முயன்றும் நம்மால் முழுதும் கேட்க முடியவில்லை. பிள்ளைகள் அதைப் பெரிது என்பர், அவர்கள் பாடு.

இரைச்சல் என்று தள்ள முடியாத ஓர் இரைச்சலும் அதில் உண்டு. 1968 ஆகஸ்டில் சிகாகோவில் ஜனநாயகக் கட்சியின் மாநாடு கூடியபோது, வியட்நாம் போரை எதிர்த்துத் திரண்டவர்களைப் போலீசார் தடியால் அடித்தனர். அங்கே எழுந்த கூட்டத்தின் முழக்கத்தை அப்படியே பதித்து, அதனின்றே ஒரு பாட்டைத் தொடங்குகின்றனர். அதன் தலைப்பில் ஆகஸ்ட் 29, 1968 என்று தேதியும் இட்டிருக்கின்றனர். தம் ஊரின் அவமானத்தை முதல் தட்டிலேயே மறையாமல் வைத்த அத்துணிவு நம்மைத் தொட்டது.

அமெரிக்க விற்பனைப் பட்டியலில் பதினேழாம் இடத்துக்கு மேல் அத்தட்டு ஏறவில்லை. ஆனால் 171 வாரங்கள் அதில் நிலைத்திருந்தது. கேத் 1978-இல் கைத்துப்பாக்கி தவறி வெடித்து மாண்டார், வயது 31.

சென்ற ஆண்டு மறுக்கப்பட்ட அந்த ஐவரும் இம்மேடையின் திரைக்குப் பின்னே நிற்கின்றனர். செயலாளர் அவர்களிடம் நாமே சென்று கேட்டு, பத்து நிமிடம் பெற்றிருக்கிறோம். இத்தட்டிலுள்ள 'பிகினிங்ஸ்' என்ற பாட்டை வாசிப்பார்களாம். டிரம்பெட் ஊதும் பையன் நேற்று வரை இருமிக்கொண்டிருந்தான். ஓரிடத்தில் மூச்சு அறுந்தால் பொறுத்தருள வேண்டுகிறோம். திரையை விலக்கலாம்.