இரண்டு கதவுகளும் திறந்திருக்கும்போது
(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



லூக்கா நற்செய்தி 14ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் ஒரு கேள்வி கேட்கிறார். கோபுரம் கட்ட நினைப்பவர், கட்டி முடிக்கக் கையில் பணம் இருக்கிறதா என்று முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கமாட்டாரா என்கிறார். தம்மைப் பின்பற்றுவதன் விலையை உணர்த்தவே அவர் இதைச் சொன்னார். ஆனாலும் அவர் கையிலெடுத்த உவமை கணக்கு நோட்டு என்பதை நாம் மறந்துவிட வேண்டாம்.

பங்குனி, சித்திரை மாதங்களில் பங்கு இல்லத்துக்குச் சில குடும்பங்கள் வருவதைப் பார்க்கிறோம். பிள்ளை பொறியியல் முடித்திருக்கும். மேற்படிப்புக்கு இரண்டு இடங்களிலிருந்து அழைப்பு வந்திருக்கும். ஒன்று, கேட் தேர்வு எழுதிக் கிடைத்த ஐ.ஐ.டி. எம்.டெக், மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. மற்றொன்று, அமெரிக்காவில் பெயர்பெற்ற ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். கடிதம் வந்த அன்று வீட்டில் கேசரி. ஒரு வாரம் கழித்து அப்பா வங்கிக்குப் போய்த் திரும்புகிறார். வீட்டுப் பத்திரத்தை ஈடாக வைக்க வேண்டும் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். அதன்பிறகு வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. "ஃபாதர், நீங்க ஜெபிச்சுட்டு எதுன்னு சொல்லிடுங்க" என்று நம் முன்னால் வந்து உட்காருகிறார்கள். சில வீடுகளில் இரண்டு சீட்டு எழுதி, அந்தோனியார் பாதத்தில் வைத்து, சின்னக் குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வதும் உண்டு.

அந்த நம்பிக்கையை நாம் கேலி செய்யவில்லை. புனித இஞ்ஞாசியாரே ஒருமுறை அப்படிச் செய்தவர்தாம். 1522ஆம் ஆண்டு, மனம் திரும்பிய புதிதில், கோவேறு கழுதை மேலேறி மொன்செராத் திருத்தலத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். வழியில் சந்தித்த ஒருவர் அன்னை மரியாவைப் பற்றிச் சொன்ன சொல் அவரைச் சுட்டது. அந்த ஆளைத் துரத்திப்போய்க் குத்துவதா, விட்டுவிடுவதா? முடிவெடுக்கத் தெரியவில்லை. பாதை பிரியும் இடத்தில் கடிவாளத்தைத் தளர்த்திவிட்டார். அந்த ஆள் போன ஊர்ப்பக்கம் கழுதை திரும்பினால் குத்துவது, நெடுஞ்சாலையில் போனால் விடுவது. ஊருக்குப் போகும் பாதைதான் அகலமாக, நன்றாக இருந்ததாம். கழுதை நெடுஞ்சாலையில் போனது. கடவுள் அந்தக் கழுதைக்கு நல்ல புத்தி கொடுத்தார்.

ஆனால் அதே மனிதர் மேற்படிப்புக்கு எங்கே போவது என்ற கேள்வி வந்தபோது கழுதையைக் கேட்கவில்லை. அல்கலாவிலும் சலமான்காவிலும் படிக்கப் போனவர், மக்களோடு ஆன்மீகக் காரியங்களைப் பேசியதற்காக இரண்டு ஊரிலும் விசாரிக்கப்பட்டார், சிறையிலும் இருந்தார். தவறில்லை, ஆனால் இன்னும் நான்கு ஆண்டு படித்தபிறகே சாவான பாவம், அற்ப பாவம் பற்றிப் பேசலாம் என்று சலமான்காவில் தீர்ப்பானது. ஆன்மாக்களுக்கு உதவ வேண்டும், அதற்குப் படிப்பு வேண்டும், அந்தப் படிப்பை இங்கே நிம்மதியாகப் படிக்க முடியாது என்று யோசித்து, பாரீஸ் என்று முடிவெடுத்தார். சலமான்காவை விட்டு அவர் புறப்பட்டபோதும் ஒரு கழுதை கூட வந்தது. இம்முறை அது சுமந்தது புத்தகங்களை மட்டுமே.

நண்பர்கள் தடுத்தார்கள். பிரான்சோடு போர் நடக்கிறது, அங்கே ஸ்பானியரைக் கம்பியில் கோத்து வாட்டுகிறார்களாம் என்றுகூடச் சொன்னார்கள். (வாட்ஸ்அப் இல்லாத காலத்திலேயே இப்படி.) அவர் போனார். 1528இல் பாரீஸ் சேர்ந்தபோது அவருக்கு வயது ஏறத்தாழ 37.

போன இடத்தில் பணத்தட்டுப்பாடு. கையிலிருந்த 25 பொற்காசுகளை உடன் தங்கிய ஒருவரிடம் கொடுத்து வைத்தார், அவர் செலவழித்துவிட்டார். (பின்னாளில் அதே ஆள் வேற்றூரில் நோயுற்றுக் கிடந்தபோது இஞ்ஞாசியார் நடந்தே போய் உதவினார் என்பது வேறு கதை.) இலவச விடுதி ஒன்றில் ஒதுங்கினார். அது கல்லூரியிலிருந்து தூரம். கதவு திறக்கும் நேரமும் அடைக்கும் நேரமும் வகுப்போடு ஒத்துவரவில்லை. பாடம் தவறியது. வேலை தேடினார், கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு துறவி யோசனை சொன்னார்: ஆண்டுக்கு இரண்டு மாதம் படிப்பை விட்டு, ஃபிளாண்டர்ஸ் நாட்டு ஸ்பானிய வணிகர்களிடம் போய் உதவி கேள், மீதி மாதங்கள் நிம்மதியாகப் படிக்கலாம். அப்படியே செய்தார். புனிதருக்கும் கல்விக் கட்டணம் இருந்தது, சாப்பாட்டுச் செலவு இருந்தது. கணக்குப் பார்ப்பது விசுவாசக் குறைவு என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆகவே முதலில் அந்தக் கடிதங்களை வரிவரியாகப் படியுங்கள். உதவித்தொகை முதல் ஆண்டுக்கு மட்டுமா, படிப்பு முடியும் வரையா? கட்டணத் தள்ளுபடி என்றால் முழுவதுமா, பாதியா? அந்த ஊரில் ஓர் அறைக்கு வாடகை என்ன? கடனுக்கு வட்டி எந்த நாளிலிருந்து ஏறுகிறது? ஆராய்ச்சிப் படிப்பு என்றால், பெயர்ப்பலகையைவிட வழிகாட்டும் பேராசிரியர் முக்கியம். அவரிடம் இப்போது படிக்கும் மாணவர் இரண்டு பேருக்கு எழுதிக் கேளுங்கள். அவர்கள் சொல்வதையும், சொல்லாமல் விடுவதையும் கவனியுங்கள்.

இதற்குமேல்தான் செபம். இஞ்ஞாசியார் தம் ஆன்மீகப் பயிற்சிகளில் ஓர் அழகான வழி காட்டுகிறார். நாம் இதுவரை பார்த்தேயிராத ஒருவர், நாம் நன்மையை மட்டுமே விரும்பும் ஒருவர், இதே இரண்டு கடிதங்களோடு வருவதாக எண்ணிக்கொள்ளுங்கள். அவருக்கு என்ன சொல்வீர்கள்? அதையே நீங்கள் செய்யுங்கள் என்கிறார். முன்பின் தெரியாதவரிடம் "உங்க சித்தப்பா மகன் போயிருக்கான், நீங்க போகலேன்னா மானம் போயிடும்" என்று யாராவது சொல்வோமா? அந்த ஒரு நிமிடத்தில் ஊரும் உறவும் அறையைவிட்டு வெளியே போய்விடுகின்றன. இன்னொன்றையும் அவர் சொல்கிறார்: மனம் சோர்ந்து வறண்டிருக்கும் நேரத்தில், முன்பு தெளிவாக எடுத்த முடிவை மாற்றாதே. பெற்றோர் அழுதுகொண்டிருக்கும் இரவில் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

பெற்றோருக்கு ஒரு சொல். பத்திரம் உங்களுடையது, ஈடு வைக்க முடியுமா, முடியாதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும், அதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். முடியாததை முடியும் என்று சொல்லி அனுப்பிவிட்டு, பிறகு ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் தவணையை நினைவூட்டுவது பிள்ளையின் முதுகில் கல்லை ஏற்றுவது. ஆனால் நள்ளிரவில் ஆய்வகத்தில் உட்காரப் போவது உங்கள் மகளோ மகனோதான். பணத்துக்குள் அடங்கும் இரண்டில் எது என்பதை அவர்களே சொல்லட்டும். இரண்டும் நல்லவையாக இருக்கும்போது, ஒன்றை மட்டும் கடவுள் மறைத்துவைத்து நாம் தவறாக எடுத்தால் கைவிட்டுவிடுவார் என்று பயப்படத் தேவையில்லை. அவர் தந்தை, தேர்வு நடத்துகிறவர் அல்லர். பாரீசில் இஞ்ஞாசியாருக்கு அறைத்தோழராகக் கிடைத்த சவேரியார்தான் 1542இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அறை ஒதுக்கப்பட்ட நாளில் இது யாருக்குத் தெரியும்?

கடைசியாக ஒரு சின்னக் கடமை, பலர் மறந்துவிடுவது. ஐ.ஐ.டி.களின் பொதுத் தளத்தில், இடத்தைக் கையில் வைத்துக்கொண்டே காத்திருக்கும் வசதி இருக்கிறது. அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள், உதவித்தொகையோடு வரும் அழைப்புக்குப் பதில் சொல்ல ஏப்ரல் 15 வரை விடுகின்றன. அந்த அவகாசம் நியாயமானது, பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆனால் மனத்துக்குள் முடிவு தெளிந்தபிறகும், பெருமைக்காக இரண்டையும் பிடித்து வைத்திருக்காதீர்கள். வேண்டாம் என்ற இடத்துக்கு, நன்றி சொல்லி, அன்று மாலையே நான்கு வரி எழுதி அனுப்பிவிடுங்கள். காத்திருப்போர் பட்டியலில் அடுத்த பெயராக, வேறொரு ஊரில், வேறொரு வீட்டில் ஒரு பிள்ளை தினமும் மின்னஞ்சலைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறது.