பூமிக்குள் ஓர் அடுப்பு

(காரைநகரில் தோட்டக் குடும்பங்களுடன் நடந்த சந்திப்பில் ஆற்றிய உரை)



மலையிலிருந்து காரைநகருக்கு வரும் வழியில் கன்னியா வெந்நீரூற்றில் குளித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். "அடுப்பில்லாம தண்ணி எப்படிங்க சுடுது? அந்தச் சூட்டில கரண்ட் எடுக்க ஏலாதா?" என்று பலர் கேட்டீர்கள். விறகு சுமந்தே களைத்தவர்கள் கேட்கவேண்டிய கேள்விதான்.

நிலத்துக்குள் இறங்க இறங்கச் சூடு கூடும். ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 25 முதல் 30 பாகை வரை கூடும். நம் நாட்டில் எரிமலை இல்லை. மழைத்தண்ணி பாறை வெடிப்புகளுக்குள்ளால் ஆழத்துக்குப் போய், சூடேறி, வேறு வெடிப்பு வழியாக மேலே வருகிறது. கன்னியா, மகாஓயா, மகாபெலஸ்ஸ ஊற்றுகள் இப்படித்தான்.

காரைநகரில் ஊற்று இல்லை. இங்கே சுண்ணாம்புக்கல் நிலம். நல்ல தண்ணி உவர்த்தண்ணிக்கு மேல் மெல்லிய படையாக நிற்கிறது. ஆழத் தோண்டினால் உவர்தான் வரும். இந்தப் பக்கத்துக்கு வெயிலும் காற்றுமே பொருத்தம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்குச் சூரிய, காற்று மின்சாரம் அமைக்க 2022இல் இந்தியாவுடன் ஒப்பந்தமானது.

நிலத்து நீராவியால் முதலில் மின்குமிழ் எரிந்தது இத்தாலியின் லார்டெரெல்லோவில், 1904இல். நம்மைப்போல் தேயிலை விற்கும் கென்யாவில், ஒல்காரியா என்ற இடத்தில் 1981 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். இன்று அந்த நாட்டு மின்சாரத்தில் பெரும் பங்கு பூமிச் சூட்டிலிருந்து வருகிறது. அங்கே மிகச் சூடான பாறை நிலத்துக்குக் கிட்ட இருக்கிறது.

கன்னியாத் தண்ணி ஏறத்தாழ 40 பாகைதான். அலாஸ்காவின் சேனாவில் 2006இல் 74 பாகைத் தண்ணியிலேயே மின்சாரம் எடுத்தார்கள். குறைந்த சூட்டிலேயே கொதிக்கும் வேறொரு திரவத்தை ஆவியாக்கித்தான் அதைச் செய்தார்கள். நமது 40 பாகை அதற்குக் காணாது.

பெக்டரிக் கணக்கைப் பாருங்கள். கொழுந்து வாட்ட இளஞ்சூட்டுக் காற்று போதும். தூள் உலர்த்த 90 பாகையாவது வேண்டும். கன்னியாச் சூடு வாட்டுவதற்குச் சரி. ஆனால் மலைக்குக் கொண்டுவருமுன் ஆறிவிடும். மின்சாரம் கம்பியில் தூரம் போகும், சூடு போகாது.

ஆகவே, ஊற்றால் உங்கள் விறகுச் சுமை தீரும் என்று யாராவது சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை பாகை? எவ்வளவு தண்ணி? எவ்வளவு தூரம்?

அதுவரை சும்மா இருக்கத் தேவையில்லை. குளிக்கிற தண்ணிக்கு 40 பாகையே தாராளம். கறுப்புப் பூசிய பீப்பாயில் பீலித் தண்ணியை நிரப்பி வெயிலில் வையுங்கள். வெயில் காயும் நாட்களில் அந்த அளவு விறகு மிச்சம். லயத்தில் புகையும் குறையும். எந்த வேலைக்கு எவ்வளவு சூடு வேண்டும் என்று அறிந்து செலவழிப்பதே புத்தி.