ஊற்று ஒன்றுதான்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து ஊற்றைப் பார்த்திருப்பீர்கள். நீர் ஓடிக்கொண்டே இருக்கும். ஊற்று குறைவதாகத் தெரியாது.

3ஆம் நூற்றாண்டில் ரோமில் பாடம் சொன்ன புளோட்டினஸ், புதுப் பிளாட்டோனியத்தின் தந்தை, இந்த உவமையைத்தான் எடுத்தாண்டார். பரம்பொருளான ‘ஒன்று’ குறையாமல் பொங்கி வழிகிறது. அதிலிருந்து பேரறிவு, பேரறிவிலிருந்து ஆன்மா, ஆன்மாவிலிருந்து உலகம். மனிதன் தன்னுள்ளே திரும்பினால் அந்த மூலத்தை அடையலாம் என்றார்.

இந்தியத் தத்துவம் கற்க 243இல் ரோமப் படையோடு கிளம்பியவர், மெசபடோமியாவோடு திரும்ப வேண்டியதாயிற்று. அவர் வராவிட்டாலும் கருத்து வந்தது. சூஃபி மரபின் வழி, மலாய்க் கவிஞர் ஹம்சா பன்சூரியிடம் அதன் சாயல் உண்டு. கொழும்பில் 1877இல் பிறந்த ஆனந்த குமாரசாமி அதை வேதாந்தத்தோடு ஒப்பிட்டு எழுதினார்.

அன்று தமிழ்ப் பெண்கள் கிள்ளிய கொழுந்தை இன்று பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர் பறிக்கிறார்கள். எல்லாருக்குள்ளும் ஒரே ஊற்று என்றால், இவர்களில் யார் தாழ்ந்தவர்?